ஒன்றேகால் மேடம்

மின்சாரப் பேனல் கட்டும் பட்டறையில், அவற்றைக் கணக்குப் போட்டு வரைந்து தரும் அவளுக்கு 'ஒன்றேகால் மேடம்' என்று பெயர். எந்தக் கணக்கைப் போட்டாலும் கடைசியில் வரும் எண்ணை ஒன்றேகாலால் பெருக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். நூறு ஆம்பியர் போதுமென்ற இடத்தில் நூற்றிருபத்தைந்து. பட்டப்பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கேட்டும் கேளாதவளாக இருந்துகொண்டாள்.

இப்போது அந்த ஒன்றேகால் அவள் கழுத்தையே பிடித்தது. ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில் பழைய சுவிட்ச்போர்டை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். மூன்று பெரிய மோட்டார்கள், அவற்றுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்க ஒரு போர்டு. அவள் வரைந்த போர்டின் நீளம் ஐந்தே முக்கால் மீட்டர். அறையில் இருந்த இடம் ஐந்து மீட்டர். சுவரை இடிக்கலாமென்றால் அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. புது அறை கட்ட எட்டு மாதம் ஆகும். அதுவரை தள்ளாடும் பழைய போர்டோடு பாதி ஊருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சின்னதாக்குங்க, இல்லன்னா முடியாதுன்னு எழுதிக் குடுங்க" என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முடியாது என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு பம்ப் நிலையத்துக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த பழைய மோட்டாரின் கேபிளைக் கவ்வவிட்டுப் பார்த்தாள். இருநூற்றிருபது ஆம்பியர். புதிதாக வரப்போகும் மோட்டாருக்கோ முன்னூற்று நாற்பது என்று தாளில் இருந்தது. அதே குழாய், அதே தண்ணீர், அதே உயரம். நடுவில் நூற்றிருபது ஆம்பியரை விழுங்கிய மகராசன் யார்?

விசாரணையை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. தண்ணீரை ஏற்ற எவ்வளவு சக்தி வேண்டுமென்று குழாய்க் கணக்குப் போட்டவன் அவள் கொழுந்தன்.

"கணக்குப்படி நூத்தி இருபத்தெட்டு கிலோவாட்டுதான் அண்ணி. ஆனா குழாய் பழசாகும், உள்ள பாசி பிடிக்கும். எதுக்கும் இருக்கட்டும்னு பத்து சதவீதம் சேர்த்தேன்."

"இருக்கறதே பழைய குழாய்தான் தம்பி. பிடிக்க வேண்டிய பாசியெல்லாம் எப்பவோ பிடிச்சாச்சு."

கொழுந்தன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பத்து சதவீதத்தை விட்டுக்கொடுத்தான்.

அடுத்த நாள் பம்ப் விற்பவரை போனில் பிடித்தாள். "உங்க ஆளு நூத்தி நாப்பத்தொண்ணுன்னாரு மேடம். நாளைக்கு பம்ப் இழுக்கலைன்னா என் தலைதானே உருளும்? எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு பதினஞ்சு சதவீதம் போட்டேன்" என்றார். அவர் போட்ட பதினைந்தால் கணக்கு நூற்றறுபத்திரண்டுக்கு ஏறிவிட்டது. மோட்டார் நூற்றறுபதை விட்டால் அடுத்து இருநூறில்தான் வரும். இரண்டே இரண்டு கிலோவாட்டுக்காக இருநூறு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

பம்ப் ஓட்டுகிறவர் மிச்சமிருந்தார். மோட்டார் இரைச்சலில் வாழ்ந்து வாழ்ந்து, பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேசுவார். மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டித்துவிடும் பிரேக்கர், மூன்றாவது பம்புக்கு மட்டும் பெரிதாக வேண்டுமென்று எழுதிக் கேட்டிருந்தார். இவரும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்துக் கேட்டாள்.

"மூணாவது லைன்ல வால்வு ஒழுகுது மேடம்!" என்று கத்தினார். "நிறுத்தினா தண்ணி திரும்பி வந்து பம்பைப் பின்பக்கமா சுத்திவிடுது. அதை நிறுத்தி முன்பக்கமா ஓட்டணும்ல? அதான் கிளம்பவே திணறுது!"

விசாரித்தவர்களில் காரணம் சொன்னவர் இவர் ஒருவர்தான். 'வால்வை மாற்றவும்' என்று குறித்துக்கொண்டாள். பெரிய பிரேக்கருக்கு வேலையில்லாமல் போயிற்று.

எல்லோருடையதையும் கழித்துவிட்டுத் திரும்ப வரைந்தாள். மோட்டார்கள் நூற்றறுபதுக்கு இறங்கின. போர்டு ஐந்து மீட்டர் இருபது சென்டிமீட்டருக்கு வந்து நின்றது. ஒரு சாண்தான் இடித்தது. அந்த ஒரு சாண், போர்டின் தலையில் நிற்கும் மெயின் பிரேக்கர். ஆயிரம் ஆம்பியரே தாராளம் என்ற இடத்தில் ஆயிரத்து இருநூற்றைம்பது போட்டிருந்தாள். அது அவளுடைய ஒன்றேகால்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மாவு ஆலைத் திறப்பில், கணக்குக்குச் சரியாக அவள் போட்ட பிரேக்கர், முதல் மோட்டார் கிளம்பியதுமே விழுந்து ஆலை முழுவதும் இருண்டது. கூடியிருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் பிரேக்கரின் அளவு சரியாகத்தான் இருந்தது. எத்தனை ஆம்பியரில் விழ வேண்டுமென்று திருப்பி வைக்கும் அதன் டயல்தான், கம்பெனியிலிருந்து வந்தபடியே மிகக் குறைந்த எண்ணில் நின்றது. யாரும் திருப்பவில்லை, அவளும் திருப்பவில்லை. சிரித்தவர்களைத் தேடிப்போய் அதைச் சொல்லவா முடியும்? அன்றிலிருந்து ஒன்றேகால். அந்தக் கால்பங்குக்கும் டயலுக்கும் சம்பந்தமே இல்லையென்று முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஆயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நான்கு மாதத்தில் போர்டு வந்தது. இந்தப் பக்கம் நான்கு விரல், அந்தப் பக்கம் நான்கு விரல் விட்டு அறைக்குள் உட்கார்ந்தது. டயலைத் தன் கையாலேயே திருப்பி வைத்து மூன்று முறை சரிபார்த்தாள். முதல் மோட்டார் கிளம்பியது. இரண்டாவதும் கிளம்பியது. மூன்றாவதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போல ஆறேழு மடங்கு மின்சாரத்தைக் கிளம்பும்போது இழுக்கும். மோட்டாரை மெல்லக் கிளப்பும் ஸ்டார்ட்டர் அதை இரண்டு மடங்குக்கு அடக்கினாலும், ஏற்கெனவே ஓடும் இரண்டோடு சேர்ந்து மீட்டர் முள் ஆயிரத்தைத் தாண்டத்தான் போகிறது. பத்து விநாடி தாண்டுவதைப் பிரேக்கர் தாங்கும் என்று கணக்குச் சொன்னது.

பொத்தானில் விரலை வைத்த பம்ப் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார். "எதுக்கும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்!"

எதற்கு என்று கேட்க வாயெடுத்தாள். கேட்காமல் ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

முள் விருட்டென்று ஆயிரத்து நூறுக்கு ஏறி அங்கேயே நின்றது. ஆறு, ஏழு, எட்டு என்று மனசுக்குள் எண்ணினாள். ஸ்டார்ட்டர் டக்கென்று முழு ஓட்டத்துக்கு மாறியது. முள் இறங்கி எழுநூற்றிருபதில் நின்றது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"பயந்துட்டீங்களா மேடம்?" என்று அறை அதிரக் கத்தினார் பம்ப் ஓட்டுகிறவர்.

"ஆமா" என்று அவளும் கத்தினாள். ஒன்றேகாலுக்கு ஒன்பது வருடமாக அவள் யாரிடமும் சொல்லாத காரணம் அது.