உரிக்காத உறை

வாங்கிய ஒன்பதாம் நாள் புது பைக் முச்சந்தி நடுவில் ஒரு தும்மல் தும்மி, ஒரு விக்கல் விக்கி, பாறையாகிவிட்டது. மகள் இறங்கித் தள்ளினாள். பின்னால் இருந்த நான் இறங்கவே இல்லை என்று அவள் சொல்வது பொய். பாதித் தூரத்தில் இறங்கிவிட்டேன்.

அன்று சனிக்கிழமை. திங்களன்று அவளுக்குப் புது வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சேர்க்கவேண்டும். வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

கவலையை என்னிடம் விடு என்றேன். முப்பத்தைந்து வருடம் பஸ் டிப்போவில் என் வேலையே அதுதான். நடுவழியில் பஸ் நின்றால் விசாரித்து, படிவத்தில் 'பொறுப்பு' என்ற கட்டத்தில் ஒரு பெயரை எழுதவேண்டும். ஒருநாளும் அதைக் காலியாக விட்டதில்லை. என் பேனா மூடியைத் திறக்கும் சத்தத்திலேயே இரண்டு டிரைவர்களுக்குத் தலை நரைத்தது. ஓய்வு பெற்றபோது கையோடு வந்துவிட்ட படிவங்களில் ஒன்றை உருவிக்கொண்டேன்.

பெட்ரோல் பங்கில் ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தேன். அவர்கள் ஷோரூமைக் கைகாட்டினார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே போனோம்.

மெக்கானிக் டேங்க்கைத் திறந்தார். உள்ளே மீன் வளர்க்கலாம், அவ்வளவு தண்ணீர். டேங்க் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை நகத்தால் தூக்கிப் பார்த்தார்.

"மூடியைச் சுத்தி விழற தண்ணி வெளிய போக இங்க ஒரு ஓட்டை இருக்கு சார். உறை அதை அடைச்சிருக்கு. தினமும் கழுவுனீங்களா?"

தினமுமா? காலை, மாலை. என் பிள்ளைகளைக்கூட அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

மானேஜர் டெலிவரி தாளைப் புரட்டினார். 'உறை நீக்கப்பட்டது' என்று டிக் அடித்து, டெலிவரி குமாஸ்தா கையெழுத்தும் போட்டிருந்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டார்கள். "எங்க ஆள் தப்பு சார். நாளைக்கே சரி பண்ணித் தந்துடறோம். இவர் பேரையே எழுதிக்குங்க" என்றார் மானேஜர்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். டெலிவரி அன்று அவர் உரிக்கக் குனிந்தபோது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியவன் நான். புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று அரைமணி பிரசங்கம் வேறு. எங்கள் வீட்டில் ஆறு வருட ஃபிரிட்ஜ் இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்த விருந்தாளி எழுந்தால் சோபாவும் கூடவே எழும்.

"அப்பா, கட்டம் காலியா இருக்கு" என்றாள் மகள்.

பேனா மூடியைத் திறந்தேன். என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மானேஜர் முகம் மலர்ந்தது. வாடிக்கையாளர் தப்பு என்றால் வரிசைப்படிதான், பத்து நாள் ஆகும், வேலைக்குக் கை போதவில்லை என்றார்.

"ரெண்டு கை இங்க இருக்கு," என்று சட்டைக் கையை மடித்தேன். "என்ன செய்யணும்னு மெக்கானிக் சொல்லட்டும். முடியாம நான் போகமாட்டேன்."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஒரு வாளியை நகர்த்தினார். டேங்க்கைக் காலி செய்தேன், துடைத்தேன், காயவைத்தேன், மறுபடி துடைத்தேன். குழாய்களை அவர் கழற்றினார், நான் பிடித்துக்கொண்டேன். மூன்று யானைகளைக் குளிப்பாட்டிய அலுப்பு. பொழுது சாயும் முன் மகள் பட்டனை அழுத்தினாள். வண்டி உறுமியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக ஃபிரிட்ஜிடம் போனாள். சர்ரென்று ஒரு சத்தம். பிறகு சோபா. நான் டிவி ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"குடுங்கப்பா."

கொடுத்தேன்.