நடு நிலத்துப் பேயெள்ளு

நான் ஊருக்கு வந்து சேர்ந்த அன்று மலை முழுக்கப் பனி. ஒடுகத்தூரில் ஏறிய பஸ் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு மலையேறியது. கடைசி வளைவில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். அங்கிருந்து எங்கள் நிலம் தெரியும். அன்று வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் என் மனைவி தேவயானியின் தகரப்பெட்டி இருந்த இடத்தில் தவிட்டு மூட்டை இருந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"அவகூடவே வச்சிப் பொதச்சிட்டோம்டா. பொடவ, வளையலு, சீப்பு எல்லாம். அவ சாமான் அவகூடதான போவணும்?"

"என் லெட்டருங்க?"

"அதுவும் அவளுதுதான?"

எங்கள் ஊரில் வழக்கம் அது. நான் இங்கே இருந்திருந்தால் அந்தப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

"கடைசி லெட்டரு எப்பம்மா வந்திச்சி?"

"எனக்கு இன்னாடா தெரியும்? வந்தா தனியா எடுத்துனு போயி குந்தினு படிப்பா. டிவில சேதி வந்தப்பறம் சோறே துன்னல. அப்பறம் வெத வேல வந்திச்சி, ஆளாளுக்கு நெலத்துல கெடந்தோம்."

அந்தச் சேதி எல்லையில் எங்கள் முகாம்மீது குண்டு விழுந்தது பற்றியது. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனவர்கள் அங்கே டிவியில் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். செத்தவர்களின் பெயர் எதுவும் அதில் வரவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதைச் சொல்ல வழியில்லை. எங்கள் போன்களை வாங்கி வைத்திருந்தார்கள், ஊரில் டவரும் கிடையாது. கடிதம்தான் எழுதினேன்.

'நன்றாக இருக்கிறேன். கை, கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. உனக்குத்தான் பதில் எழுதச் சோம்பல். இந்த முறை நிலத்து நடுவில், பாறையைச் சுற்றிப் பேயெள்ளு விதைத்து வை. பஸ் வளைவில் திரும்பும்போதே மஞ்சள் தெரிந்தால் உன் பதில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.'

மஞ்சளாகப் பூக்கும் பேயெள்ளை யாரும் நிலத்து நடுவில் விதைப்பதில்லை. மாடு அதில் வாய் வைக்காது என்பதால் சாமைக்கு வேலியாக வரப்போரம் விதைப்பார்கள். அவள் சிரிப்பாள் என்றுதான் அப்படி எழுதினேன்.

ஆடிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. சேதி என்னிடம் வந்தபோது அடக்கம் ஆகியிருந்தது. லீவு புரட்டாசியில்தான் கிடைத்தது. நான் அழவில்லை. அந்தக் கடிதம் அவளுக்குக் கிடைத்ததா, இல்லை நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போனாளா? அதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது நிலத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

அப்பா நனைந்த தலையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"வந்துட்டியா. துன்னியா?"

"இல்லப்பா."

"நெலத்துப் பக்கம் போனியா? உம்பொண்டாட்டி பண்ண வேலயப் பாரு. பேயெள்ள எவனாச்சும் நடு நெலத்துல வெதப்பானா? மாடு இன்னா, பாறைக்குள்ள இருந்தா வருது?"

நான் எழுந்துவிட்டேன்.

"கேட்டா, உங்க புள்ளதான் எழுதிக்கிறாரு மாமான்றா. துப்பாக்கி புடிக்கிறவன் அங்க குந்தினு எனக்கு வெவசாயம் சொல்றானான்னு கத்தனேன். வவுத்தப் புடிச்சினு சிரிக்கிறாடா! பாறைமேல குந்தினு சிரிக்கிறா."

"சிரிச்சாளா?"

"பின்ன, நானா சிரிச்சேன்?"

தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தேன். பசித்தது.

"அம்மா, சோறு போடு."

அம்மா போட்டதையெல்லாம் தின்றேன். மறுபடியும் கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

நான் நிலத்துக்குப் போனபோது பனி கலைய ஆரம்பித்திருந்தது. முதலில் சாமைக் கதிர்கள் தெரிந்தன. பிறகு பாறை. அதைச் சுற்றி மஞ்சள், ஒரு பக்கம் அடர்ந்து, ஒரு பக்கம் விட்டுவிட்டு. மிஞ்சிய விதையை அப்படியே வீசியிருப்பாள் போலிருக்கிறது, சாமைக்குள்ளும் தள்ளி ஒரு கொத்துப் பூத்திருந்தது.

பாறைமேல் ஏறி உட்கார்ந்தேன். ஈரமாக இருந்தது. எதிர்ச் சரிவில், கடைசி வளைவில், ஒரு பஸ் விளக்கை அணைக்காமல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.