மேஸ்திரி விடுப்பில் இருந்த வாரம்

அந்த வீட்டின் பெரிய அறைக்கு இரண்டு முனைகள். வடக்கு ஜன்னலோரம் மனைவியின் மேஜை, தெற்கு மூலையில் கணவரின் மேஜை. அவர் ஒரு அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவர். முப்பது வருஷமாக மற்றவர்கள் எழுதியதில் சிவப்பு மையால் காற்புள்ளி வைத்தும் எடுத்தும் காலம் தள்ளுகிறவர். அவள் ஓவியம் வரைகிறவள். காலை எட்டு மணிக்கு அவரவர் முனைக்குப் போனால் மதியம் வரை பேச்சு கிடையாது. சண்டையெல்லாம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போய் வாங்கி வந்து போட்ட பொருள் மாதிரி அந்த மௌனம் அறையில் இருந்தது.

பூனைகள் மூன்று. வெள்ளைச் சீமாட்டி சோபாவை விட்டு இறங்க மாட்டாள். அரைக்காது, காகிதம் புரண்டால்கூட அலமாரிக்கடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். மூன்றாவது மேஸ்திரி. பன்னிரண்டு வயது, சாம்பல் நிறம், கட்டட வேலையை மேற்பார்வை பார்க்க வந்த ஆளின் நடை. வீட்டில் ஒழுங்காக வேலைக்குப் போவது அது ஒன்றுதான் என்று அவள் சொல்வாள்.

அதன் வேலை இதுதான். அவள் வரைவதற்காக மேஜையில் சில சாமான்களை வைத்திருப்பாள். மூடியைப் பக்கத்தில் கழற்றி வைத்த ஒரு நீலப் பீங்கான் ஜாடி, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, மூன்று எலுமிச்சம்பழம், ஒரு நூல்கண்டு. ராத்திரியில் மேஸ்திரி மேஜையில் ஏறி எதையாவது நகர்த்திவிடும். காலையில் பார்த்தால் பழம் ஜாடிக்குப் பின்னால் போயிருக்கும், கரண்டி பாதி வெளியே தொங்கும். வேறு யாராக இருந்தாலும் பூனையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். ஆரம்பத்தில் அவளும் கத்தினாள். பிறகு ஒருநாள் கத்துவதை நிறுத்தினாள். பூனை எப்படி விட்டுவிட்டுப் போனதோ அதையே அன்றைக்கு வரைந்தாள். மறுநாளும் அப்படியே.

நேற்று வரைந்ததை அவள் முழுக்க அழிப்பதில்லை. டம்ளர் இருந்த இடத்தின் மேல் மெல்லிசாக வண்ணம் பூசுவாள். அடியில் பழைய டம்ளர் மங்கலாகத் தெரியும். ஒரு படம் முடிவதற்குள் முப்பது நாற்பது காலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். அந்த மேஜையில் நிறையப் பேர் உட்கார்ந்து, பேசி, எழுந்து போன மாதிரி இருக்கும்.

அவர் தன் மூலையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருடைய தொழிலில் பிழை இருந்த சுவடே தெரியக்கூடாது. இவளோ எல்லாச் சுவடையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறாள். எவ்வளவு தைரியம் வேண்டும் இதற்கு என்று அவர் பல மத்தியானங்கள் யோசித்திருக்கிறார். வாயைத் திறந்தால் மட்டும் "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் வராது. "இதையே எத்தனை வருஷமா சொல்லுவீங்க?" என்பாள் அவள்.

இந்த முறை படம் நூலகத்துக்கு. புதிதாகக் கட்டிய வாசிப்புக்கூடத்தின் நீளச் சுவருக்கு. அவள் படங்கள் இதுவரை யார் யார் வீட்டுக் கூடத்திலோ தொங்கின. எல்லாரும் தினமும் பார்க்கிற இடத்துக்கு ஒன்று போவது இதுவே முதல் தடவை. சனிக்கிழமை எடுத்துக்கொள்ள வருவார்கள். தராவிட்டால் அந்தச் சுவருக்கு யாரோ எடுத்த அருவிப் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டப்போவதாக நூலகர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமைக்கு எட்டு நாள் இருக்கும்போது மேஸ்திரி மாடிப்படியில் தவறி விழுந்தது. பின்னங்கால் எலும்பில் விரிசல். "மூணு வாரம் குதிக்கவே கூடாது" என்றார் கால்நடை மருத்துவர்.

அதோடு மேஜையில் எதுவும் அசையவில்லை. சீமாட்டிக்கு அக்கறை இல்லை, அரைக்காதுக்குத் துணிச்சல் இல்லை. ஒரு சாயங்காலம் மேஸ்திரியைத் தூக்கி மேஜைமேல் வைத்துப் பார்த்தாள். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, காபிக்குக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி அது உட்கார்ந்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"படம் செத்துக் கிடக்குங்க."

"நீயே கொஞ்சம் நகர்த்தி வச்சுக்கயேன்."

"நான் நகர்த்தினா எனக்குப் பிடிச்ச இடத்துலதானே வைப்பேன்? ரெண்டு நாளைக்கு மேல ஒரு பொருள் ஒரே இடத்துல இருந்தா நான் பார்க்கறதையே விட்டுடறேன். தெரிஞ்சதைப் போட ஆரம்பிச்சுடறேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அருவிப் படமே மாட்டட்டும். அதுவும் குளுகுளுன்னு இருக்கும்" என்றாள்.

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

புதன்கிழமை வெளிச்சம் வந்ததும் அவர் எழுந்து அவளுடைய மேஜைக்குப் போனார். பூனை எப்படிச் செய்யும் என்று யோசித்தார். இரண்டு விரல்களை மடக்கி ஒரு பழத்தைத் தட்டினார். நூல்கண்டை உருட்டினார். கரண்டியைப் புறங்கையால் தள்ளினார், திருப்தியில்லாமல் மறுபடி தள்ளினார். ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேஸ்திரி தன் மெத்தையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

எட்டு மணிக்கு அவள் வந்தாள். அவர் மெய்ப்புத் தாள்களுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஏங்க."

"ம்."

"மேஸ்திரி வேலைக்கு வந்துட்டார் போல."

"அப்படியா? சொன்னா கேக்கற ஆளா அவர்."

"வந்து, கரண்டியை மேஜை விளிம்புக்கு நேரா வச்சிருக்கார். மூணு பழத்துக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளந்த மாதிரி இடம் விட்டிருக்கார்."

அவர் ஒரு தாளைத் திருப்பினார்.

"அதெல்லாம்கூடப் போகட்டும். ஜாடியை மூடி வச்சிருக்கார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மைதான். வாங்கின நாள் முதல் திறந்தே கிடந்த ஜாடி, மூடி கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. எப்போது அதைச் செய்தார் என்று அவருக்கே நினைவில்லை.

"தூசி விழுமேன்னு..." என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எந்தப் பூனைங்க ஜாடியை மூடி வைக்கும்? பூனை மாதிரி தப்புப் பண்ணக்கூட உங்களுக்கு வரலையே!" சிரித்துக்கொண்டே மேஜைப் பக்கம் திரும்பினாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மூடினா இவ்வளவு கனமா தெரியுது" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு, "அப்படியே இருக்கட்டும். யாரும் கை வைக்காதீங்க."

தூரிகையை எடுத்தாள்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. அவர் ஒரே பக்கத்தை நாலு முறை படித்தார். ஒரு எழுத்தும் ஏறவில்லை. அவள் ஜாடியின் திறந்த வாயை அழிக்கவில்லை. அந்தக் கறுத்த வளையத்தின் மேல் நீலத்தைத் தண்ணீர் மாதிரி ஓடவிட்டு, மூடியை வைத்தாள். மூடி மூடியாகவே இருந்தது. உள்ளே இருந்த இருட்டும் அதன் வழியாகத் தெரிந்தது. சீராக நின்ற மூன்று பழங்களுக்கு அடியில் பழைய பழங்கள் கலைந்து கிடந்தன. அவருடைய விறைப்பான ஒழுங்கை அவள் அங்கே ஒரு மனிதரின் முகத்தை வரைவது போல் வரைந்திருந்ததை அவர் பார்த்தார். கேலி துளிகூட இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அவள் கைகழுவப் போனபோது அவர் படத்தின் முன் போய் நின்றார். "நல்லா இருக்கு" என்பது தொண்டை வரை வந்தது. சொல்லாமல் நின்றார். அவள் துண்டில் கையைத் துடைத்தபடி வந்து பக்கத்தில் நின்றாள்.

சனிக்கிழமை நூலகர் இரண்டு ஆட்களோடு வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், ஜாடி மூடியிருக்கு. ஆனா உள்ள பார்க்க முடியுதே!"

"அது என் யோசனை இல்லை சார். மேஸ்திரி லீவு. பதிலுக்கு வந்த ஆள் பண்ணினது."

"நல்ல ஆளா இருப்பார் போலிருக்கே."

"கொஞ்சம் ஒழுங்கு ஜாஸ்தி. மத்தபடி நல்ல ஆள்."

தெற்கு மூலையில் சிவப்பு மை, தேவையில்லாத ஓர் இடத்தில் காற்புள்ளி வைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, அவர் தாள்களோடு உட்கார்ந்திருந்தபோது வடக்கு முனையில் தொப்பென்று ஒரு சத்தம். பிறகு பீங்கான்மேல் பீங்கான் உரசுகிற ஒலி. ஜாடியின் மூடி மெதுவாக, யோசித்து யோசித்து, நகர்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "வந்துட்டாரா?"

"வந்துட்டார்."

"உங்க வேலையைப் பார்த்து என்ன சொல்றார்?"

மூடி தரையில் விழுந்து, உடையாமல், சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"திருத்திக்கிட்டிருக்கார்" என்றார் அவர்.