இரண்டாவது ரிப்போர்ட்

மந்தாரக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் ஆப்பிரிக்கா சவரிராஜ் வீடு என்று என் வீட்டைக் காட்டுவார்கள். வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோவை நான் காட்டிவிடுவேன். அதில் என் தோளில் கை போட்டு நிற்பவர், நான் வேலை பார்த்த ஆப்பிரிக்க நாட்டின் சுரங்க மந்திரி கிம்பேரா. விடுதலைக்காக ஜெயிலுக்குப் போனவர். மந்திரியான பிறகும் ஆபீசுக்கு நடந்தே வருவார். அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு நான் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன், இங்கே மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஃபோர்மேனாக இருந்த என்னை அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்துக்கு இரண்டு வருஷம் அனுப்பினார்கள். அந்த நாட்டு ராணுவத் தளபதியின் மச்சான் பழைய பம்புகளுக்குப் பெயின்ட் அடித்து, புதுசு என்று சுரங்கத்துக்கு விற்க வந்தான். "ஓடுமா, சொல்" என்றார் மந்திரி. ஒரு மழைக்குக்கூடத் தாங்காது என்று ரிப்போர்ட் எழுதினேன். அதை நம்பி அவர் வாங்க மறுத்தார்.

அடுத்த மாதம் அதே தளபதி ஆட்சியைப் பிடித்தான். என் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பிரெஞ்சில் டைப் அடித்த இன்னொரு ரிப்போர்ட்டை நீட்டினார்கள். பம்புகள் நன்றாக இருந்தன, மந்திரி கமிஷன் கிடைக்காததால்தான் மறுத்தார் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவருக்கு ஒன்பது வருஷம் சிறை.

ஊருக்கு வந்து என் மனைவி லூசியம்மாளிடம், "பிரெஞ்சுல இருந்துச்சு, என்னன்னே தெரியாம போட்டுட்டேன்" என்றேன். நம்பினாள். ஒவ்வொரு தவக்காலமும் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது "பொய் சொன்னேன் சாமி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வேன். என்ன பொய் என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. அவர் சொன்ன பரிகாரமாகப் பத்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒரு வீடியோ கால். மந்திரியின் மகள் செலஸ்தின், இங்கிலீஷில் பேசினாள். அங்கே இப்போது வேறு அரசாம். பழைய வழக்குகளை விசாரிக்கக் கமிஷன் போட்டிருக்கிறதாம். அப்பாவுக்கு எண்பத்தாறு வயது, கண்ணை மூடுவதற்குள் அவர் பேரைத் துடைக்க வேண்டும் என்றாள்.

"உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, புரியாமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள் என்றுதான் அப்பா எங்களிடம் சொல்லிவருகிறார். அதை மட்டும் சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறேன்."

லூசி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், இங்கிலீஷ் நன்றாகவே புரியும். "அதான் கேக்குறாங்கல்ல, சொல்லிட்டு வாங்க. கோயில்ல மணி அடிச்சிட்டாங்க" என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் புரியாமல் போட்டேன் என்றால், அதில் எழுதியிருந்தது பொய் என்று யார் சொல்வது? அவர் பேரில் பாதி அழுக்கு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நான் மட்டும் சுத்தமாகத் தப்பித்துவிடுவேன்.

"புரிந்துதான் போட்டேன்" என்றேன். "ஆபீசர் இங்கிலீஷில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். அத்தனையும் பொய். உங்க அப்பா யாரிடமும் கை நீட்டியதில்லை. பயந்துபோய்ப் போட்டேன்."

செலஸ்தின் வாயைப் பொத்திக்கொண்டாள். என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அட பாவி மனுஷா! என்கிட்டயே இத்தினி வருஷமா மறைச்சிக்கினு இருந்தியா?" என்று குரல் வந்தது. கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் லூசி என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

போன் அங்கே கை மாறியது. பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மந்திரியின் முகம் தெரிந்தது, ஒடுங்கிப்போயிருந்தார். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதற்குப் பிறகு உன்னை ஊருக்கு அனுப்பினார்களா?"

"மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்கள், ஐயா."

"நல்லது. உன்னையும் எங்கேயோ அடைத்துவிட்டார்களோ என்று உள்ளே இருந்த ஒன்பது வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

அந்த ஒன்பது வருஷமும் நான் ஷிஃப்ட் தவறாமல் வேலைக்குப் போனேன், வருகிறவர்களுக்கெல்லாம் போட்டோவைக் காட்டினேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கடுதாசி போட்டதில்லை.