இன்னும் பார்க்காத இடம்

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குருவம்மாள் காரை ஸ்டார்ட் செய்துவிடுவாள். ஓட்டத் தெரியாது. சாவியைப் போடவும், சோக்கை இழுக்கவும், பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்கவும் போன லீவில் புருஷன் சங்கிலிப்பாண்டி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பேட்டரி செத்துவிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் ஒருவர் ஓட்டித் தேய்த்த அம்பாசிடர் அது. பட்டாளத்தில் அவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. முடித்து வந்து ராஜபாளையத்தில் வாடகைக்கு ஓட்டுவதாகப் பேச்சு. அதுவரை சோழபுரத்தில் மாட்டுக் கொட்டத்தை ஒட்டிப் போட்ட தகரச் செட்டில் கிடந்தது.

1989 தையில் ஒரு ஞாயிறு சாயங்காலம் லைட் சுவிட்சை இழுத்தாள். எதிர்ச் சுவரில் விழ வேண்டிய இரண்டு வட்டமும் விழவில்லை. மறுபடி இழுத்தாள். மாட்டின் கண்தான் மினுங்கியது.

சங்கிலிப்பாண்டி எழுதுவது பதினோரு வருஷமாக ஒரே கடிதம்தான். நான் நலம், நீங்கள் நலமா, மழை உண்டா, ஆடு எத்தனை குட்டி போட்டது, இப்படிக்கு. தேதி மட்டும் மாறும். நேரில் வந்தாலும் அதே ஆள்தான். அறுபது நாள் லீவில் அறுபது வார்த்தை பேசினால் அதிகம். பதினோரு லீவையும் கூட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது இரண்டு வருஷம் வராது. அதிலும் பாதி நாள் கிணறு தூர் வாரவும் கூரை மாற்றவும் போய்விட்டது.

எழுதி முடித்த இன்லண்டின் அடியில் குருவம்மாள் ஒரு வரி சேர்த்தாள். காரில் முன் லைட் ரெண்டும் எரியலை.

இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது. உள்பக்கம் முழுக்க நிரம்பி, ஒட்டுகிற மடிப்பிலும் எழுத்து ஓடியிருந்தது. மாமியார் பாலம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, எம் மவன் எழுத்துதானா இது? இம்புட்டு என்ன எழுதியிருக்கான்?"

"லைட்டப் பத்தி, அத்தை."

"லைட்டப் பத்தியா இம்புட்டு? பெத்தவ காலு வீங்கிக் கெடக்கேன், அதப் பத்தி ஒரு வரி இருக்கா பாரு."

இல்லை. பயப்படாதே என்று ஆரம்பித்திருந்தான். ஹாரன் அடிக்கிறதா, அடித்தால் பேட்டரி மேல் குற்றமில்லை. சின்ன லைட் எரிகிறதா. வெயிலில் செய்யாதே, தகரம் கொதிக்கும். செருப்புப் போட்டுக்கொள்.

செருப்புப் போட்டுக்கொள் என்பதை அவள் நாலு தரம் படித்தாள்.

ஹாரன் அடித்தது. சின்ன லைட் எரிந்தது. எழுதிப் போட்டாள். அடுத்த கடிதத்தில் பல்பைக் கழற்றச் சொன்னான். ஒரே நாளில் ரெண்டு பல்பும் போகாது, ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா பார். அறுந்திருக்கவில்லை. அதற்கடுத்த கடிதத்தில், லைட்டுக்குப் பின்னால் பாடியில் எர்த் வயர் முடுக்கியிருக்கும், அதைத் தடவிப் பார் என்று எழுதி, கீழே இப்படி எழுதியிருந்தான்: என் கை நுழையாது. உன் கை சின்னது, உள்ளே போகும்.

அந்தக் கடிதத்தை மில்லுக்குக் கொண்டுபோனாள். ராஜபாளையத்து மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற வேலை அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருக்கையில் அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூல் அறுத்த கோடுகள், வெடித்த நகம். இது சின்னக் கை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எந்த லீவில் பார்த்தான்?

கொழுந்தன் மலைச்சாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மதினி, தபால்ல வண்டி ரிப்பேர் பாக்குற குடும்பம் தமிழ்நாட்டுலயே நம்ம குடும்பந்தான். ராஜபாளையத்துல மெக்கானிக் கருத்தையாட்ட விட்டா அர மணி நேரம். ஒங்க புருசன் பென்சன் வாங்குற வரைக்கும் எழுதிக்கிட்டே கெடப்பீக போலுக்கே."

"ஒனக்கு என்னலே வலிக்கு? போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு."

நாலாவது கடிதம் டாஷ்போர்டுக்குப் பின்னால் பார்க்கச் சொன்னது. சீட்டில் மல்லாந்து தலையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தபோதுதான் கிளச்சுக்குப் பக்கத்தில் தரையில் இருந்த குமிழ் கண்ணில் பட்டது. காலால் அமுக்கி லைட்டை ஏற்றி இறக்குகிற சுவிட்ச். அதன் வயர் முனையில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. தொட்டதும் வயர் கையோடு வந்தது.

அவளுக்குப் புரிந்துபோயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவுகிற கையோடு காருக்குள்ளும் ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றி விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காரப்போகிற இடம் என்று. அந்தத் தண்ணீர்தான் அரித்திருக்கிறது.

உப்புத்தாளால் சுரண்டி, வயரை முடுக்கி, சுவிட்சை இழுத்தாள். இரண்டு வட்டம் சுவரில் பளீரென்று விழுந்தது. மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. குருவம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அப்படியே நின்றாள்.

எரிகிறது என்று எழுத வேண்டும். எழுதினால் அடுத்து வருவது என்ன? மழை உண்டா, ஆடு எத்தனை குட்டி.

எரியவில்லை என்று எழுதலாம். ஆனால் பொய் எழுதக் கை வராது. வெகுநேரம் யோசித்துவிட்டு, குனிந்து வயரைக் கழற்றினாள். சுவிட்சை இழுத்துப் பார்த்தாள். எரியவில்லை. உள்ளே போய் இன்லண்டை எடுத்து அதையே எழுதினாள். அடுத்த வெள்ளியிலிருந்து காருக்குள் தண்ணீர் ஊற்றுவதையும் விட்டாள். துணியால் துடைத்ததோடு சரி.

ஐந்தாவது கடிதம் வந்தது. ஆறாவதில் ரெண்டு கஜம் வயர் வாங்கி வைக்கச் சொன்னான். ஷிப்ட் முடிந்து கருத்தையா கடைக்குப் போனாள்.

"வயரு எதுக்கு தாயி?"

"அம்பாசிடருக்குண்ணே. முன்னால ரெண்டும் எரியல. எங்க வீட்டுல அவிய பட்டாளத்துல இருந்து எழுதுதாக, நான் பாக்கேன்."

கருத்தையா சிரித்தார். "ரெண்டும் சேந்து போச்சுன்னா மொத மொத காலு சுவிச்சயில்ல பாக்கணும். நேத்து வேலைக்குச் சேந்தவன் கூடச் சொல்லுவானே. அவரு அங்க என்ன வேல பாக்காரு? சமையலா?"

"வண்டிக்கு வயரிங்கு. பதினஞ்சு வருசமா."

"வயரிங்கா? அப்ப மொதக் கடுதாசியிலயே எழுதியிருப்பாரே, தாயி. நல்லாப் படிச்சுப் பாரு."

வயரைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு குருவம்மாள் பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் ஆறு கடிதத்தையும் பாயில் பரப்பினாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கால் சுவிட்ச் என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள எல்லா வயரையும் எழுதியிருந்தான். அதை மட்டும், சகதியில் கால் படாமல் போகிறவன் மாதிரி, ஒவ்வொரு கடிதத்திலும் சுற்றிக்கொண்டு போயிருந்தான்.

தெரியாமல் விட்டிருக்க மாட்டான். கடிதங்களை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பூட்டித் திறந்து மறுபடி ஒருதரம் படித்தாள்.

ஆடிப்பூரத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவளை முன் சீட்டில் உட்கார வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்கக் கூட்டிப்போவதாகவும். ஆனி கடைசியில் ஏழாவது கடிதம் வந்தது. இதில் எழுத்து கொஞ்சம்தான். லீவு ரத்தாகிவிட்டது, தேருக்கு வர முடியாது, இனி தை மாதம்தான். அதற்குக் கீழே: லைட்டில் இன்னும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. அதை நான் வந்து பார்க்கிறேன். நீ தொடாதே.

மலைச்சாமி விட்டபாடில்லை. "அண்ணன் வரலேன்னா என்ன மதினி, கருத்தையாவக் கூட்டியாந்து லைட்ட எரிய வைக்கேன். நானே ஓட்டுதேன். தேரு பாத்துட்டு இருட்டுன பொறவு கூட வந்துரலாம்."

"அந்த வண்டியில ஒருத்தரும் கை வைக்கப்பிடாது."

"அட, லைட்டுதான மதினி..."

"சொன்னாக் கேளுலே!"

பாலம்மாள் உள்ளிருந்து கத்தினாள். "நீ ஏம்லே அவகூட மல்லுக்கட்டுதே? பஸ்ஸுல போவோம்."

பஸ்ஸில்தான் போனார்கள். கூட்டத்தில் நசுங்கித் தேர் பார்த்து, கூட்டத்தில் நசுங்கித் திரும்பினார்கள். மறுநாள் குருவம்மாள் மில்லிலிருந்து முந்தியில் முடிந்து வந்த பஞ்சை உருட்டி, ஈரம் தட்டாமல் இருக்க அந்த வயர் முனையில் சுற்றிக் கட்டினாள். பிறகு இன்லண்டை விரித்தாள்.

அன்புள்ள மாமாவுக்கு. மழை இல்லை. ஆடு ரெண்டு குட்டி. அத்தைக்குக் கால் வீக்கம் தேவலை. தேருக்குப் பஸ்ஸில் போய் வந்தோம்.

அடியில் இன்னும் எழுதினாள்.

பார்க்காத இடம் எதுன்னு எனக்கும் தெரியும். தொடாமல் வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள்.

மடிப்பை நாக்கில் நனைத்து ஒட்டினாள். அது போய்ச் சேரப் பதினோரு நாள் ஆகும்.