விட்டு விட்டு ஊதினால்

எங்கள் தீவில் அபாயச் சங்கு ஊதினால் கால் தானாக மலைப் பக்கம் திரும்பும். முப்பது வருடமாக அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: கடல் வருகிறது, மேலே ஓடு. போன மழையில் மலையே சரிந்து இரண்டு வீடுகளை மூடிய பிறகு, இனி இரண்டு விதமாக ஊதுவது என்று முடிவானது. நீட்டி ஊதினால் கடல், மேலே போ. விட்டு விட்டு ஊதினால் மலை, கீழே வா. கேட்க எளிதுதான். காலுக்கு யார் சொல்லிப் புரிய வைப்பது?

சங்கு இருப்பது கரையோரப் பாறை முனையில், ஐஸ் பேக்டரி மாடியில். பொத்தான் என் பொறுப்பு. ஒத்திகையில் ஒருத்தருக்கும் நினைவு நிற்கவில்லை என்ற எரிச்சலில் நானே ஒரு வரி கட்டினேன்: "விட்டு விட்டு ஊதினா, எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வா!" அது எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. கீழே ஐஸ் உடைக்கிற அண்ணன் மட்டும் கிண்டல் செய்வார். "நீ ஊதினா நான் செருப்பைக்கூட மாட்ட மாட்டேன் தங்கச்சி, போதுமா?"

என் நாத்தனாரிடம்தான் ஒன்றும் பலிக்கவில்லை. தையல்காரி. மலையை ஒட்டிய மேல் வரிசையில் வீடு. நான் வேலைக்கு வந்தால் என் நான்கு வயது மகள் அவளிடம்தான் இருப்பாள். மூன்று ஒத்திகையிலும் கடைசியாக வந்தது அவள்தான். மெஷினுக்கு உறை போட்டு, ஜன்னல் சாத்தி, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஆடி அசைந்து வருவாள்.

"விட்டுட்டு வரச் சொன்னா பூட்டிட்டு வர்றியே, மலை என்ன திருடனா?" என்று கத்தினேன்.

"மெஷின் போனா நீங்களா அண்ணி வாங்கித் தருவீங்க?" என்றாள். கொழுப்பு.

மழை விடாமல் பெய்த மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு, மலை மேலே மழை அளக்கிறவர் போன் செய்தார். "மேல ஊத்துத் தண்ணி சேறா வருது. நேத்து விரல் போன வெடிப்புல இன்னிக்குக் கையே போகுது. ஊதுங்க, ஊதுங்க!"

மகள் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. பொத்தானை அழுத்தினேன். ஜன்னல் வழியே பார்த்தால், கடைத்தெரு சனம் குடையை எறிந்துவிட்டு மலைப் படிக்கட்டில் மேலே ஏறுகிறது! ஏன் இந்த முட்டாள்கள் மேலே போகிறார்கள் என்று திட்டினேன். அப்புறம்தான் சத்தம் என் காதில் ஏறியது. ஒரே மூச்சில், நீளமாக. பயத்தில் விரலை எடுக்கவே மறந்திருக்கிறேன். அடிப்பாவி, முட்டாள் நான்தான்.

விரலைப் பிடுங்கினேன். விட்டு விட்டு ஊதினேன். படிக்கட்டில் கூட்டம் நின்றது. பாதிப் பேர் திரும்பினார்கள், பாதிப் பேர் ஏறினார்கள். பிறகு மலை நகர்ந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம், நிற்காமல். மேல் வரிசை இருந்த இடத்தில் வெறும் மண்.

என் குழந்தையை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். கை மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது.

மாடிப்படியில் காலடி கேட்டது. நாத்தனார். இடுப்பில் என் மகள். இரண்டு பேரும் தலையோடு கால் சேறு.

"என் ஜன்னல்ல கடல் தெரியும் அண்ணி. அது பாட்டுக்குச் சும்மா கெடந்துச்சு. அப்போ உங்க கைதான் தப்புன்னு இறங்கிட்டேன்." மூச்சு வாங்கினாள். "பூட்டலை. சத்தியமா பூட்டலை."

மகளை வாங்கிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "அண்ணே, பிள்ளை வந்துட்டா!" என்று கீழே கத்தினேன். எட்டிப் பார்த்தேன். ஐஸ் கட்டி பாதி உடைந்து கிடந்தது. வாசலில் அவருடைய செருப்பு, இரண்டும்.

நாத்தனார் முகம் மாறியது. "அவரா? எங்களுக்கு எதிர்ல ஏறிட்டிருந்தாரு. வராதீங்கன்னேன். 'தங்கச்சி நீட்டி ஊதுறா, நீ ஏன் கீழ போற'ன்னு என்னைத் திட்டிட்டு ஓடுனாரு."

மகளை அவள் கையில் கொடுத்தேன். பொத்தானுக்குத் திரும்பி, விட்டு விட்டு ஊதினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாத்தனார் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும் அண்ணி. விடுங்க."

"விடமாட்டேன்" என்றேன். "அவர் இறங்கி வரட்டும்."