சின்ன அறையின் சுவர்

அந்த ஃபிளாட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, சின்ன அறையின் ஒரு சுவரைத் தவிர. அதற்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். மற்றதெல்லாம் மங்கிக் கிடக்க, இதற்கு மட்டும் என்ன மாப்பிள்ளைக் கோலம்? புருஷனோடு வீடு வாங்கப் பார்க்க வந்த இஸ்திரிக்காரி நேராகப் போய் அதில் கன்னத்தை வைத்தாள். துணியில் ஈரம் மிச்சமிருக்கிறதா என்று கடையில் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"ஜில்லுனு இருக்குங்க."

"நிழல்ல கெடக்குற சுவர் பின்ன சுடுமா?" என்றான் புருஷன். டாக்சி ஓட்டுகிறவன், வீடு அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

புரோக்கர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது சார். இன்ஜினியரைக் கூட்டிவந்து தட்டிப் பாக்குறேன், குடைஞ்சு பாக்குறேன்னா வீடு கைய விட்டுப் போயிடும்." எந்தப் புரோக்கர் கண்ணுக்குத்தான் ஓட்டை தெரிந்திருக்கிறது, சொல்லுங்கள்!

பழைய வாடகை வீட்டில் சுவரெல்லாம் பூஞ்சை. அதை ஒட்டித்தான் அவர்கள் மகன் படுப்பான். சளி பிடித்தது, இழுப்பு வந்தது, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். இருமும்போது அம்மா முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு, இருமி முடித்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பான், பாவி மகன். அவள் பயப்படக் கூடாதாம். இப்போது அவள் வயிற்றில் இன்னொன்று.

படிக்கட்டில் சண்டை வந்தது.

"உனக்கு எந்தச் சுவரைத் தொட்டாலும் அந்த வீடுதான். ஈரம் சுவர்ல இல்ல, உன் மனசுல இருக்கு."

"இருக்கட்டும். சுவர்லயா, என்கிட்டயான்னு விவரம் தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லட்டும். அது வரைக்கும் இந்தப் பிள்ளையோட நான் இங்க குடிவர மாட்டேன்."

 வீடு போனால் போகிறது என்று புருஷன் ஆளை வரவழைத்தான்.

வந்தது கடுகடுவென்று ஓர் இன்ஜினியரம்மா. இருவரையும் கூடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஈரம் அளக்கும் கருவியோடு சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டொக் டொக்கென்று தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. இஸ்திரிக்காரி வயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"சுவர் நல்லா காஞ்சிருக்கு," என்று வெளியே வந்தார். "அலமாரி இருந்த தடத்தை மறைக்க வெள்ளையடிச்சிருக்காங்க. தாராளமா வாங்கலாம்."

புருஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நான் சொன்னேன்ல?" என்றான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்படியானால் அந்த ஜில்லிப்பு தன்னுடையதுதானா?

செருப்பை மாட்டிக்கொண்டே இன்ஜினியரம்மா சொன்னார். "பையனைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

"எந்தப் பையன்?"

"உள்ள என் முதுகுக்குப் பின்னாடியே நின்னானே, உங்க பையன் இல்லையா? வேலை மும்முரத்துல நான் திரும்பிப் பாக்கல. அப்படி ஒரு இருமல். ஆனா பொல்லாத பய, இருமி முடிச்சதும் ஒரு சிரிப்பு சிரிக்கிறான்."

அவர் இறங்கிப் போய்விட்டார். புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. "வேணாம்," என்றான். "இந்த வீடே வேணாம். வா, போயிடலாம்."

அவள் அங்கே இல்லை. சின்ன அறையில், கண்ணை மூடி, சுவரில் கன்னத்தை வைத்து நின்றிருந்தாள்.

"காஞ்சுதான் இருக்குங்க," என்றாள். "இங்க அவனுக்கு ஒண்ணும் ஆகாது. வாங்கிடலாம்."